கோப்பைத் திறக்கச் செய்யும் அதிகாரம்

1950 ஜனவரி 26க்கு முன்பு, நாவலூர்க் குடியானவர் ஒருவருக்கு வருவாய்த் துறை அதிகாரிகள் சட்டத்தை மீறித் தீர்வை விதித்திருந்தாலும், அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டிருக்க முடியாது. அவர் பக்கம் நியாயம் இருந்ததா இல்லையா என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. நாவலூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். அதிகாரிகளின் ஆணையை ரத்து செய்யவும் அவர்களுக்குக் கட்டளையிடவும் உயர் நீதிமன்றத்துக்கு இருந்த ரிட் அதிகாரமோ சென்னைப் பட்டணத்து எல்லையோடு நின்றது. 1800ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி அமைந்த பழைய சுப்ரீம் கோர்ட்டிடமிருந்து உயர் நீதிமன்றம் பெற்ற அதிகாரம் அவ்வளவுதான்.

இதை அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் 1943இல் உறுதி செய்தது. கஞ்சம் மாவட்டத்துப் பர்லாகிமெடி ஜமீனின் குடியானவர்கள் தங்கள் நிலவாடகையை உயர்த்திய ஆணையை எதிர்த்து வந்திருந்தார்கள். 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டத்தின் கீழ் பிறந்த ஆணை அது. அதில் இறுதி முடிவு எடுத்த வருவாய் வாரியம் சென்னைப் பட்டணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதனால் உயர் நீதிமன்றம் தலையிடலாமே என்று அவர்கள் வாதிட்டார்கள். பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. வாரியம் பட்டணத்தில் இருக்கலாம், ஆனால் நிலமும் குடிகளும் வெளியே இருக்கிறார்கள் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டது. வரி விஷயமென்றால் இன்னொரு பூட்டும் இருந்தது. வருவாய் சம்பந்தப்பட்ட எதையும் உயர் நீதிமன்றங்கள் நேரடியாக விசாரிக்கக் கூடாது என்று 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் தடுத்தது. அந்தத் தடை இருந்த பிரிவின் எண் 226.

அரசியலமைப்பில் உயர் நீதிமன்றங்களுக்கு ரிட் அதிகாரம் தரும் உறுப்பின் எண்ணும் 226. எண் ஒத்துப்போனது தற்செயல்தான் என்றாலும், அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது மாற்றம் எவ்வளவு பெரியது என்பது புரிகிறது. நகர எல்லை போயிற்று, மாநிலம் முழுவதும் எல்லையாயிற்று. அதன் பிறகும் ஒரு விரிசல் மிஞ்சியிருந்தது. 1952இல் காக்கிநாடாவிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாகா வெங்கட ராவின் உறுப்பினர் தகுதி பற்றிய விசாரணையைத் தேர்தல் ஆணையம் தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆணையம் டெல்லியில் இருப்பதால் சென்னை நீதிமன்றத்தின் கை அதுவரை எட்டாது என்று 1953இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்தாண்டு கழித்து, 1963இல், பதினைந்தாம் திருத்தம் இதைச் சரிசெய்தது. வழக்குக்கான காரணம் எங்கே எழுகிறதோ அங்குள்ள உயர் நீதிமன்றமே விசாரிக்கலாம் என்றாயிற்று. இன்று நாவலூரில் வீடு இழப்பவர் டெல்லி அமைச்சகத்தின் ஆணையையும் பாரிமுனையிலுள்ள உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்றால், அதற்கு வழிவிட்டவை இந்த இரண்டு தோல்விகள்.

இந்த அதிகாரம் எதற்குப் பயன்படுகிறது என்பதைச் சென்னையின் தென்புறம் போல வேறெங்கும் தெளிவாகப் பார்க்க முடியாது. மாநகராட்சி எல்லை செம்மஞ்சேரியோடு முடிகிறது. அடுத்திருக்கும் நாவலூர் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. ராஜீவ் காந்தி சாலையின் இருபுறமும் அடுக்குமாடிகள், கணினி நிறுவனங்கள், பக்கத்தில் சிறுசேரி சிப்காட். கால் நூற்றாண்டில் வயலும் ஏரிக்கரையும் இப்படி மாறியதில் ஒவ்வொரு அடியும் ஏதோ ஒரு மேசையில் எடுத்த முடிவு: வட்டாட்சியரின் பட்டா மாறுதல், நில எடுப்பு அறிவிக்கை, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, ஊராட்சியின் கட்டட உரிமம், தலைமைச் செயலகத்திலிருந்து வரும் விலக்கு ஆணை. இவற்றில் ஏதாவது ஒன்று தவறாகிப் போகும்போது மக்கள் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். அங்கே நீதிபதி அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து, “இந்த நிலம் வேண்டாம், அந்த நிலத்தை எடுங்கள்” என்று சொல்வார் என்று எதிர்பார்க்கிறார்கள். நீதிமன்றம் அதைச் செய்வதில்லை. அது கோப்பை வரவழைக்கிறது. யார், எந்தச் சட்டத்தின் கீழ், யாரைக் கேட்டு, என்ன காரணத்துக்காக இந்த முடிவை எடுத்தார் என்று பார்க்கிறது. கேட்பதற்குச் சிறிய அதிகாரமாகத் தோன்றும். ஆனால் அதிகாரி எழுதும் ஒவ்வொரு வரியையும் ஒருநாள் வெளியாள் ஒருவர் படிக்கக்கூடும் என்ற நிலையை உண்டாக்குவது அதுதான்.

இந்தச் சோதனையின் அளவுகோல்களில் முக்கியமான ஒன்றைத் தந்தது தமிழ்நாட்டு வழக்கு. தலைமைச் செயலாளராக இருந்த ஈ. பி. ராயப்பாவை 1971இல் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவராகவும் பிறகு 1972இல் விற்பனை வரி தொடர்பான தனி அலுவலராகவும் அரசு மாற்றியது. தன்னை ஒதுக்கிவைக்கவே இந்த மாற்றங்கள் என்றும், முதலமைச்சர் மு. கருணாநிதியின் தீய நோக்கமே காரணம் என்றும் அவர் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். 1973 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். தீய நோக்கம் என்று சொல்பவர் அதை நிரூபிக்க வேண்டும், அந்தச் சுமை கனமானது, சந்தேகம் மட்டும் போதாது என்றார்கள். ராயப்பா தோற்றார். ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி பி. என். பகவதி ஒரு கொள்கையை வகுத்தார். சமத்துவத்துக்கு நேரெதிர் தான்தோன்றித்தனம். எனவே மனம்போன போக்கில் எடுக்கும் எந்த அரசு முடிவும், சமத்துவ உரிமை தரும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பை மீறுவதாகும் என்பது அது. அதுவரை 14ஆம் உறுப்பைக் காட்ட வேண்டுமென்றால், என்னைப் போன்ற இன்னொருவரை வேறு மாதிரி நடத்தினீர்கள் என்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகு, ஒப்பிட யாரும் இல்லாவிட்டாலும், இந்த முடிவுக்குக் காரணமே இல்லை என்று சொல்லலாம் என்றாயிற்று. பட்டா மறுக்கப்பட்டவர் இன்று மனுவில் ‘தன்னிச்சையானது’ என்று எழுதும்போது அந்தச் சொல்லுக்குப் பின்னால் ராயப்பா வழக்கு நிற்கிறது.

மறுபக்கத்துக் கோட்டை வரைந்ததும் சென்னை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கே. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கும் செல்பேசி உரிமங்களை யாருக்குத் தருவது என்ற போட்டியிலிருந்து எழுந்த டாட்டா செல்லுலார் வழக்கில், 1994இல் நீதிபதி எஸ். மோகன் எழுதிய தீர்ப்பு, நீதிமன்றம் மேல்முறையீட்டு அதிகாரியாக உட்கார்வதில்லை என்பதை நிலைநிறுத்தியது. முடிவு நல்லதா என்பதை விட்டுவிட்டு, முடிவெடுத்த முறை சரியா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். சட்டத்துக்கு வெளியே போனாரா? நடைமுறையை மீறினாரா? அறிவுள்ள எவரும் எடுக்கவே முடியாத முடிவை எடுத்தாரா? கேள்விகள் இவைதான். கடைசிக் கேள்வி இங்கிலாந்திலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் படம் காட்டும் திரையரங்குக்குப் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களை அனுமதிக்கக் கூடாது என்று வெட்னஸ்பரி என்ற சிறு நகரின் நிர்வாகம் போட்ட நிபந்தனையை இலண்டன் நீதிமன்றம் 1947இல் செல்லும் என்றது. அந்த நிபந்தனை நீதிபதிகளுக்குப் பிடித்ததா என்பது அங்கே பொருட்டே இல்லை.

நாவலூர்ச் சுங்கச்சாவடி இதற்கு எளிய உதாரணம். பக்கத்து ஊருக்குப் போய்வரவும் கட்டணம் கட்டியவர்களின் எரிச்சல் நியாயமானது. ஆனால் கட்டணம் எவ்வளவு, எங்கே வசூலிப்பது என்பதெல்லாம் நீதிமன்றம் தன் கணக்கை வைத்து மாற்றுகிற விஷயங்கள் அல்ல. 2021 ஆகஸ்ட் இறுதியில், மெட்ரோ ரயில் பணிகளைக் காட்டி, இதே சாலையின் மற்ற நான்கு சாவடிகளில் வசூலை அரசு நிறுத்தியது. நாவலூரில் 2023 அக்டோபர் 19 முதல் நின்றது. இரண்டுமே அரசு எடுத்த முடிவுகள். மக்கள் அரசிடம் கேட்டுப் பெற வேண்டியதும் நீதிமன்றத்தில் கேட்டுப் பெற வேண்டியதும் வேறுவேறு. இந்த வேறுபாடு தெரியாமல் போடும் மனுக்களில் காலமும் பணமும் வீணாகின்றன.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்த வழக்குகளுக்கென்று தனி உருவம் ஒன்று உண்டு. செர்ஷியோரரிஃபைடு மேண்டமஸ் என்பார்கள். கோப்புகளை வரவழைத்து, இந்தத் தேதியிட்ட ஆணையை ரத்து செய்து, அதன் தொடர்ச்சியாக இன்னதைச் செய்யும்படி உத்தரவிட வேண்டும் என்ற கோரிக்கை அது. ரத்தும் கட்டளையும் ஒரே மனுவில் வந்துவிடும். அரசுத் தரப்பு பதில் மனு தாக்கல் செய்யும். இங்கேதான் 1977இல் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் உறுதிப்படுத்திய விதி வேலை செய்கிறது. ஓர் ஆணையின் செல்லுபடியை அந்த ஆணையிலேயே எழுதியிருக்கும் காரணங்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வழக்கு வந்த பிறகு பதில் மனுவில் புதுக் காரணங்களைச் சேர்க்கக் கூடாது. தேர்தல் தொடர்பான அந்த வழக்கின் விதிதான், அரசு அலுவலகங்களில் அலையும் எளிய மனிதருக்கு இந்திய நிர்வாகச் சட்டம் தந்திருக்கும் பெரிய பாதுகாப்பு என்று நான் கருதுகிறேன். வட்டாட்சியர் எழுதாத காரணத்தை அரசு வழக்கறிஞர் அவருக்காக எழுதித் தர முடியாது.

எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வழக்கு, தாம்பரத்திலிருந்து அரூர் வழியாகச் சேலம் போகும் நெடுஞ்சாலை. எட்டுவழிச் சாலை என்று சொன்னால்தான் நமக்குத் தெரியும். 277.3 கிலோமீட்டர் நீளம், சுமார் 10,000 கோடி ரூபாய்ச் செலவு. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் கிராமங்களில் 2018இல் நிலம் அளக்கப் போனபோது நடந்தவை பலருக்கும் நினைவிருக்கும். பாரத்மாலா திட்டத்தில் முதலில் இருந்தது சென்னை–மதுரைப் பாதை. அதன் இடத்துக்குச் சென்னை–சேலம் வந்தது. 2019 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் டி. எஸ். சிவஞானம், வி. பவானி சுப்பராயன் அமர்வு நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. பாதையை மாற்றியதற்குச் சரியான அடிப்படை இல்லை, சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே பெறவில்லை என்பன முக்கியக் காரணங்கள்.

2020 டிசம்பர் 8 அன்று நீதிபதி ஏ. எம். கன்வில்கர் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இதில் பெரும்பகுதியை மாற்றியது. எந்த ஊர்களை எந்தச் சாலை இணைக்க வேண்டும் என்பது அரசின் கொள்கை முடிவு, நீதிமன்றம் அதை எடைபோட முடியாது என்றது. சுற்றுச்சூழல் அனுமதி வேலை தொடங்குமுன் வேண்டும், ஆனால் நில எடுப்பின் முதல் அறிவிக்கைக்கு முன்பே இருக்க வேண்டியதில்லை என்றது. வயலை இழக்கும் விவசாயிக்கு இது கசப்பான பதில். சாலை உறுதியாகிப் பாதி நிலம் கைமாறிய பிறகு வரும் சுற்றுச்சூழல் ஆய்வு எவ்வளவு சுதந்திரமாக நடக்கும் என்பது என் சந்தேகமும்கூட. ஆனாலும் பாதை விஷயத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. மதுரைக்கா சேலத்துக்கா என்று மூன்று நீதிபதிகள் முடிவு செய்யலாமென்றால், அடுத்த அமர்வு வேறு ஊருக்கு முடிவு செய்யும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வாக்குக் கேட்டு வருபவர்கள்.

அந்தத் தீர்ப்பில் விவசாயிகள் பக்கம் நின்ற பகுதி ஒன்று உண்டு. செய்திகளில் அது அதிகம் பேசப்படவில்லை. முதல் அறிவிக்கை வந்தவுடனேயே, நிலம் அரசிடம் சட்டப்படி சேரும் முன்பே, வருவாய்ப் பதிவேடுகளில் உரிமையாளர் பெயரை மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றங்கள் செல்லாது, பழைய பெயர்களையே திரும்பப் பதிய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றமும் ஏற்றது. பட்டாவில் பெயர் இல்லாதவரின் நிலை கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். நிலத்தை விற்க முடியாது, வங்கியில் பயிர்க்கடன் கேட்க முடியாது, அரசின் எந்த உதவிக்கும் காகிதம் காட்ட முடியாது. வயலில் நின்றுகொண்டிருக்கும்போதே பதிவேட்டில் அவர் அந்நியராகிவிடுகிறார். அந்த ஒரு கணினிப் பதிவை அதிகாரம் இல்லாத நேரத்தில் செய்தார்கள் என்பதைக் கண்டுபிடித்துத் திருத்தியது, ‘முறையை மட்டும் பார்ப்போம்’ என்ற அதே சிறிய அதிகாரம்தான். முறை என்ற சொல்லைக் கேட்டு உதட்டைப் பிதுக்குபவர்கள் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

அடுத்தது கட்டடங்கள். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சட்டத்திலிருந்து விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. 1987–88இல் இந்தப் பிரிவின் கீழ் வெளிவந்த 62 அரசாணைகளை எதிர்த்துச் சென்னையைச் சேர்ந்த கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் உச்ச நீதிமன்றம் சென்றது. தளப்பரப்புக் குறியீடு, பக்கவாட்டு இடைவெளி, வாகன நிறுத்துமிடம் என்று கட்டட விதிகளை மீறியவற்றுக்கு அளித்த விலக்குகள் அவை. 2000 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு கவனமாகப் படிக்க வேண்டியது. 113ஆம் பிரிவு செல்லும் என்றது நீதிமன்றம். எதிர்பாராத சூழலுக்கு விலக்கு தரும் அதிகாரம் அரசுக்குத் தேவைதான், சட்டத்தின் நோக்கமே அதற்கு வேலியாக இருக்கும் என்றது. பிறகு ஆணைகளைப் பிரித்துப் பார்த்தபோது, ஏன் இந்த விலக்கு என்பதற்கான காரணங்கள் அவற்றில் இல்லை. எவ்வளவு பரந்த அதிகாரமானாலும் சட்டத்தின் நோக்கத்துக்குள், நியாயமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கடுமையாகச் சொன்னது.

அதற்குள் அரசு 113-ஏ என்ற புதுப் பிரிவைக் கொண்டுவந்திருந்தது: 1999 பிப்ரவரி 28க்கு முன் விதிமீறிக் கட்டியவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம். அதோடு நிற்கவில்லை, கடைசித் தேதியை 2000, 2001, 2002 என்று ஆண்டுதோறும் தள்ளிக்கொண்டே போனது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த முதல் விலக்கை ஒரே ஒருமுறைக்கானது என்று ஏற்றுக்கொண்டது. பின்னால் வந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்றது. ஒருமுறை மன்னிப்பது வேறு, மன்னிப்பையே நடைமுறையாக்குவது வேறு. ஒவ்வோர் ஆண்டும் தேதி நகரும் என்று தெரிந்துவிட்டால் விதியை மதித்துக் கட்டியவர்தான் ஏமாந்தவர். ஆனால் 2012இல் 113-சி வந்தது. 2007 ஜூலை 1க்கு முந்திய கட்டடங்களுக்கு மறுபடி வாய்ப்பு. நீதிமன்றம் ஒரு கதவை மூடினால் சட்டமன்றம் இன்னொன்றைத் திறக்கலாம். நீதிமன்ற மறுஆய்வால் எட்ட முடியாத இடம் அது.

விலக்குகளுக்கான விலை கட்டணத்தோடு முடிவதில்லை என்பதற்கு மவுலிவாக்கம் சாட்சி. 2014 ஜூன் 28 மாலை, கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் வேலை தேடி வந்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்திலிருந்த இரண்டாவது கட்டடத்தை வழக்குகளுக்குப் பிறகு 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே அளித்த அனுமதியும் சலுகைகளும் பின்னர்த்தான் ஆராயப்பட்டன. நீதிமன்றம் எப்போதும் முடிவு எடுத்த பிறகுதான் உள்ளே வருகிறது. அதிகாரியின் மேசையில் வரைபடம் இருக்கும் நாட்களில் அதைப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். நாவலூரின் உயரமான குடியிருப்புகளில் வீடு வாங்குபவர்கள் அனுமதி எண்ணைப் பார்க்கிறார்கள். அந்த அனுமதியில் எந்த விதிக்கு விலக்கு, எந்தக் காரணத்துக்காக என்பதையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

ஏரி விஷயத்தில் இந்த அதிகாரம் இரண்டு எதிரெதிர் பக்கங்களிலிருந்தும் இழுபடுகிறது. 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து 2007இல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பாதிக்கப்படுபவரைக் கேட்பதற்குப் போதிய இடம் விடவில்லை. 2010இல் அதே உயர் நீதிமன்றம், நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபத்தைக் கேட்டு, ஆணை போட்ட பிறகே அகற்ற வேண்டும் என்று அந்தச் சட்டத்துக்குள் இயற்கை நீதியைச் சேர்த்துப் படித்தது. ஏரியைக் காப்பாற்றச் சொன்ன நீதிமன்றமே ஏரிக்கரையில் இருப்பவரைக் கேட்காமல் தொடாதே என்றும் சொன்னது. இதில் முரண்பாடு இல்லை. அளவு சரியா, அந்தச் சர்வே எண் உண்மையிலேயே நீர்ப்பிடிப்பா, நாற்பது ஆண்டுக்கு முன் அரசே வீட்டுமனைப் பட்டா கொடுத்ததா என்பதெல்லாம் கேட்டால்தான் தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு கரையோரக் குடியிருப்புகள் பெருமளவில் அகற்றப்பட்டன. அங்கிருந்தவர்களில் ஒரு பகுதியினர் அனுப்பப்பட்டது இன்னொரு நாவலூருக்கு. படப்பை, ஒரகடம் பக்கத்தில் இருக்கும் நாவலூர். ஒரே பெயருள்ள இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய மாமல்லபுரம் சாலை நாவலூரில் பெரிய கட்டடத்துக்கு எதிராக நோட்டீஸ் வந்தால் உரிமையாளரின் வழக்கறிஞர் மறுநாளே தடை ஆணை கேட்டு நிற்பார். சட்டமும் அவருக்குப் படிகளை வைத்திருக்கிறது: பூட்டி சீல் வைப்பதற்கு எதிராக 80-ஏ பிரிவின்படி அரசிடம் முறையீடு, அது முடியும்வரை கால அவகாசம். ஆற்றங்கரையில் இருந்தவருக்கு வந்த நோட்டீஸ் கையில் கிடைக்கும்போது, அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடுவதற்குள் வண்டி வந்துவிடுகிறது. இருவருக்கும் 226ஆம் உறுப்பு ஒன்றே. போய்ச் சேரும் வேகம் ஒன்றல்ல.

2024 நவம்பர் 13 அன்று நீதிபதிகள் பி. ஆர். கவாய், கே. வி. விஸ்வநாதன் அமர்வு, வீடுகளை இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும், நேரில் கேட்க வேண்டும், காரணத்தோடு ஆணை எழுத வேண்டும், மீறும் அதிகாரி தன் செலவில் ஈடு செய்ய வேண்டியிருக்கும் என்று நாடு முழுவதற்கும் விதி வகுத்தது. வடமாநிலங்களின் புல்டோசர் இடிப்புகள் அதற்குப் பின்னணி. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை ஆகிய இடங்களுக்கு அந்த விதிகள் பொருந்தாது என்று அதே தீர்ப்பு விலக்கு வைத்தது. தென்சென்னைப் புறநகரில் ஏழைகளின் குடிசை இருக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். 2010ஆம் ஆண்டின் சென்னைத் தீர்ப்பு இங்கே எவ்வளவு முக்கியமானது என்பது இப்போது புரியும். ஏரிக்கரைக்கும் நோட்டீஸ் வேண்டும் என்று சொன்னது அது.

இவ்வளவு வலுவான கருவி நடைமுறையில் மழுங்குவது எங்கே என்று கேட்டால், பெரிய தீர்ப்புகளில் அல்ல, அன்றாட உத்தரவுகளில் என்பேன். பட்டா கேட்டு, ஆக்கிரமிப்பை அகற்றக் கேட்டு, இழப்பீடு கேட்டு மனு கொடுத்தவர், பதில் வராமல் உயர் நீதிமன்றம் போகிறார். அரசு வழக்கறிஞர் அங்கேயே நோட்டீஸ் பெற்றுக்கொள்கிறார். இரு தரப்பும் இசைய, அனுமதிக் கட்டத்திலேயே வழக்கு முடிகிறது: மனுதாரரின் மனுவைத் தகுதியின் அடிப்படையிலும் சட்டப்படியும் பரிசீலித்து இத்தனை வாரங்களுக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும்; வழக்கின் தகுதி பற்றி நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. குவிந்து கிடக்கும் வழக்குகளின் நடுவே இது நீதிபதிகளுக்கு வேறு வழியில்லாத ஏற்பாடாக இருக்கலாம். மனுதாரர் வெற்றி பெற்றதாக நினைத்து ஊருக்குத் திரும்புகிறார். அதே அலுவலகம், அதே மேசை. பன்னிரண்டு வாரம் கழித்து ‘பரிசீலித்ததில் ஏற்க இயலவில்லை’ என்று ஒரு வரி வருகிறது. இல்லையென்றால் எதுவும் வருவதில்லை, அவமதிப்பு வழக்கு போட வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வரியை எதிர்த்து மறுபடி முதலிலிருந்து.

உச்ச நீதிமன்றம் இதை அறியாமல் இல்லை. பரிசீலியுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் உத்தரவுகள் உண்டாக்கும் குழப்பத்தை 2006இல் ஆந்திரப் போக்குவரத்துக் கழக வழக்கில் நீதிபதி ஆர். வி. ரவீந்திரன் விளக்கினார். எந்தக் காரணத்தால் பழைய ஆணை தவறு, எதைக் கணக்கில் எடுத்துப் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லாத உத்தரவு யாருக்கும் பயன்படாது. தமிழ்நாட்டுச் சுரங்கத் துறையிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் நீங்கிய ஊழியர் ஒருவரின் வழக்கில், 2008இல், ரவீந்திரனே இன்னொரு ஆபத்தைக் காட்டினார். காலாவதியான கோரிக்கைக்குக்கூட இத்தகைய உத்தரவுகள் புது உயிர் கொடுத்துவிடுகின்றன. இரண்டு தீர்ப்புகளும் இரண்டு பக்கத்துச் சேதத்தையும் பதிவு செய்தும் வழக்கம் மாறவில்லை.

மாற்றத்தை நீதிமன்றத்துக்கு வெளியேதான் தொடங்க வேண்டும் என்பது என் முடிவு. அதற்கான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 6ஆம் பிரிவின்படி விண்ணப்பம் போடுவது எல்லோருக்கும் தெரியும். 4(1)(டி) பிரிவைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. நிர்வாக முடிவானாலும் நீதி சார்ந்த முடிவானாலும், அதற்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டியது பொது அதிகார அமைப்பின் கடமை என்கிறது அது. கேட்டால் தருவது என்றில்லை, தாமாகவே தர வேண்டும். தென்னாப்பிரிக்கா இதையே அரசியலமைப்பின் 33ஆம் பிரிவில் அடிப்படை உரிமையாக எழுதி, 2000இல் தனிச் சட்டமும் இயற்றியது. நிறவெறி ஆட்சியில் காரணம் சொல்லாத ஆணைகளால் ஊர்விட்டு ஊர் துரத்தப்பட்ட மக்கள் அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றார்கள். நம்மிடம் அது சாதாரணச் சட்டத்தின் ஓர் உட்பிரிவாக இருக்கிறது, பெரும்பாலான அலுவலகங்களில் நடைமுறையில் இல்லை.

நாவலூர் ஊராட்சியிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ மனு கொடுப்பவர் முதல் நாளிலேயே இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, மறுத்தால் எந்தப் பதிவேட்டின், எந்த விதியின் அடிப்படையில் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம். தேதியிட்ட ஒப்புதல் ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். உயர் நீதிமன்றமும், பரிசீலித்து உத்தரவிடுங்கள் என்று சொல்லும் இடத்தில், மனுதாரர் எழுப்பிய ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் தனித்தனியே காரணம் எழுதி உத்தரவிடுங்கள் என்று ஒரு வாக்கியம் சேர்க்கலாம். அப்படி வரும் ஆணை பாதகமாகவே இருந்தாலும், அடுத்த முறை அவர் நீதிமன்றம் போகும்போது, ஆராய்வதற்கு ஏதாவது எழுதப்பட்டிருக்கும் காகிதம் அவர் கையில் இருக்கும்.